அப்பா ரயிலேறிப் போன பிறகு: ஜப்பானியப் படங்களில் புறநகர் வாழ்க்கை

டோரேமானில் நோபிதாவின் தெரு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கார் ஒன்று நுழைந்தால் ஆள் ஒதுங்கி நிற்க வேண்டிய தெரு, இரண்டு பக்கமும் ஆள் உயரக் கான்கிரீட் கல் மதில், வரிசையாகச் சின்னச் சின்ன மாடி வீடுகள். கொஞ்சம் தள்ளி ஒரு காலி மனை, அதில் அடுக்கிக் கிடக்கும் சிமென்ட் குழாய்கள். அது டோக்கியோவின் ஓரத்தில் இருக்கும் நெரிமா பகுதி. ஷின்சான் குடும்பம் இன்னும் தள்ளி, சைதாமா மாகாணத்தின் கசுகாபேயில் இருக்கிறது. அவன் அப்பா ஹிரோஷி காலையில் டை கட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடுவார், இரவில் வாடிப்போய் வருவார், வீட்டுக் கடனை நினைத்துப் பெருமூச்சு விடுவார். நம் வீட்டுக் குழந்தைகளும் டிவியில் பார்த்துப் பழகிய இந்தத் தெருதான் ஜப்பானியப் புறநகர்.

சாமுராய் படங்களாலும் காட்சில்லாவாலும் ஜப்பானிய சினிமா உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. ஆனால் அந்த நாட்டின் பெரிய இயக்குநர்கள் பலர் திரும்பத் திரும்பப் போய் நின்றது இந்தத் தெருவில்தான். அவர்கள் அங்கே எதைத் தேடினார்கள், எந்தப் படத்தில் எதைக் கவனித்தால் அது பிடிபடும் என்பதை முதல்முறை பார்ப்பவருக்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். அமெரிக்கப் படத்தில் புறநகர் என்றால் புல்வெளியும் காரும். ஜப்பானில் அது ரயில். அங்கே ஊர் வந்த பிறகு ரயில் வரவில்லை. பல இடங்களில் ரயில் கம்பெனிதான் ஊரையே உண்டாக்கியது. ஒசாகா பக்கம் இச்சிசோ கோபயாஷி என்பவர் 1910-இல் ஒரு மின்சார ரயில் பாதையைத் திறந்தார். ஆள் நடமாட்டம் குறைந்த வழி அது. டிக்கெட் விற்க வேண்டுமானால் பயணிகள் வேண்டும். எனவே பாதையோரத்து நிலத்தை வாங்கி, வீடு கட்டி, தவணை முறையில் மாதச் சம்பளக்காரர்களுக்கு விற்றார். ஞாயிற்றுக்கிழமையும் ரயில் ஓட வேண்டுமே என்று பாதையின் ஒரு கோடியில் தகராசுகா என்ற ஊரில் பெண்கள் மட்டும் நடிக்கும் பாட்டு நாடகக் குழுவைத் தொடங்கினார். இன்னொரு கோடியில், ஒசாகாவின் உமேதா நிலையத்திலேயே, 1929-இல் ஒரு பல்பொருள் அங்காடி எழுந்தது. டோக்கியோவில் தனியார் ரயில் கம்பெனிகள் இதே வழியைப் பின்பற்றின. 1923 செப்டம்பர் 1 அன்று வந்த பெரும் நிலநடுக்கத்திலும் தீயிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் நெருக்கமான பழைய நகரை விட்டு மேற்கே ரயில் பாதையோரம் குடிபோனார்கள்.

அந்த கோபயாஷிதான் பிறகு டோஹோ நிறுவனத்தையும் தொடங்கினார். காட்சில்லாவை எடுத்த அதே டோஹோ. புறநகர் வாழ்க்கைக்கு அச்சு வார்த்தவரும் ஒரு பெரிய சினிமா கம்பெனியை நிறுவியவரும் ஒரே ஆள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு தரும் செய்தி.

சரி, ரயிலால் உண்டான ஊரில் வாழ்க்கை எப்படி மாறும்? கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவின் வேலை தெரியும். விவசாயி வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும், கண்ணெதிரே நடக்கிறது. புறநகரில் அப்பா காலையில் ரயிலேறிக் கண்ணுக்கு மறைந்துவிடுகிறார். அங்கே யாரிடம் எப்படிப் பேசுகிறார், யாருக்குக் குனிகிறார், யாருக்கு முன்னால் சிரிக்கிறார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இரவில் திரும்பி வருபவர் வீட்டுத் தலைவர். இந்த இரண்டு ஆட்களும் ஒருவர்தானா என்று பிள்ளைக்கும் மனைவிக்கும் ஒருநாள் தெரியவரும். ஜப்பானியப் புறநகர்ப் படங்களின் பெரும்பகுதி இந்த ஒரு முடிச்சைத்தான் அவிழ்க்கிறது என்பது என் எண்ணம். அது முதன்முதலில் முழு உருவத்தோடு வெளிப்பட்ட படத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

யசுஜிரோ ஓசு 1932-இல் எடுத்த மௌனப் படம் ‘ஐ வாஸ் பார்ன், பட்...’. படம் தொடங்கும்போது சாமான் ஏற்றிய லாரி ஒன்றின் சக்கரம் சேற்றில் மாட்டிச் சுழல்கிறது. யோஷி என்ற குமாஸ்தா மனைவியோடும் இரண்டு மகன்களோடும் டோக்கியோவின் ஓரத்துக்குக் குடிவருகிறார். சாலை சரியாகப் போடவில்லை. வெற்று நிலம், தந்திக் கம்பங்கள், ஒற்றை ரயில் பாதை. ஏன் இங்கே வந்தார்? அவருடைய முதலாளி இவாசாகியின் வீடு பக்கத்தில் இருக்கிறது. முதலாளிக்கு அருகில் இருந்தால் முன்னுக்கு வரலாம் என்ற கணக்கு. சாமான் வந்து இறங்குவதற்குள் அவர் முதலாளி வீட்டுக்கு மரியாதை செலுத்தப் போய்விடுகிறார்.

பையன்களுக்குத் தனி உலகம். பேட்டை ரவுடிப் பையன் ஒருவனுக்குப் பயந்து பள்ளிக்கு மட்டம் போடுகிறார்கள். தைரியம் வரும் என்று நம்பிச் சிட்டுக்குருவி முட்டையை அப்படியே குடிக்கிறார்கள். சாராயக் கடையிலிருந்து வீடு வீடாகச் சரக்கு கொண்டுவரும் வாலிபன் ஒருவனைப் பிடித்து அந்த ரவுடியை அடிக்கச் சொல்கிறார்கள், அவனும் செய்கிறான். அப்படியே முதலாளி மகன் டாரோவையும் அடி என்றால் மறுத்துவிடுகிறான். அந்த வீடு நல்ல வாடிக்கை, அவர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது. கடை ஆளுக்குப் புரிந்த கணக்கு பையன்களுக்கு இன்னும் புரியவில்லை. அவர்களைப் பொறுத்தவரை தங்கள் அப்பாதான் ஊரிலேயே பெரிய ஆள். கொஞ்ச நாளில் இவர்களே பையன்களுக்குத் தலைவர்களாகிவிடுகிறார்கள். கையைக் காட்டினால் முதலாளி மகன் தரையில் செத்தவனாகப் படுக்க வேண்டும், மறுபடி சைகை செய்தால்தான் எழலாம்.

அப்புறம் ஒரு நாள் முதலாளி வீட்டில் தானே எடுத்த படங்களைச் சுவரில் ஓட்டிக் காட்டுகிறார். பையன்களும் போய் உட்காருகிறார்கள். திரையில் அவர்கள் அப்பா வருகிறார். முகத்தைக் கோணி, கண்ணை உருட்டி, முதலாளியைச் சிரிக்க வைக்கக் கோமாளித்தனம் செய்கிறார். அறையே சிரிக்கிறது. பையன்கள் சிரிக்கவில்லை.

ஓசுவின் துணிச்சல் இங்கேதான். அப்பாவின் அலுவலக முகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுப்பது சினிமாதான். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் ரயில் போட்டிருந்த திரையை இன்னொரு திரை விலக்கிவிடுகிறது. வீடு திரும்பியதும் பெரிய சண்டை. ஏன் டாரோவின் அப்பாவுக்குக் குனிகிறாய்? அவர் சம்பளம் தருகிறார். அப்படியானால் வாங்காதே. வாங்காவிட்டால் நீங்கள் சாப்பிட முடியாது. சரி, நாங்கள் சாப்பிடவில்லை. மறுநாள் காலை இருவரும் உண்ணாவிரதம். அம்மா பிடித்துத் தரும் அரிசி உருண்டையில் அது முறிகிறது. தோட்டத்தில் அப்பாவும் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பிறகு ரயில்வே கேட்டில் முதலாளியின் கார் நிற்கும்போது, போய் வணக்கம் சொல் என்று பையன்களே அப்பாவிடம் சொல்கிறார்கள். சமாதானம் வந்துவிட்டது, ஆனால் பையன்களுக்கு உலகம் புரிந்துவிட்டது. சிரிப்புப் படமாகப் போய்க்கொண்டிருந்தது இந்த இடத்தில் நெஞ்சை அடைக்கிறது.

படத்தில் ரயில் எத்தனை தடவை குறுக்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். கதைக்குத் தேவையே இல்லாத இடத்திலும் பின்னால் ஒன்று ஓடும். வகுப்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பையன்களைக் கடந்து நகரும் கேமரா, அடுத்து அலுவலகத்தில் வரிசையாக உட்கார்ந்து கொட்டாவி விடும் குமாஸ்தாக்களைக் கடந்து நகர்கிறது. இந்தப் பையன்கள் எங்கே போய்ச் சேரப்போகிறார்கள் என்று ஒரு எழுத்துகூட இல்லாமல் சொல்லியாகிவிட்டது.

போருக்குப் பிறகும் ஓசு இந்த ஓரங்களை விடவில்லை. புகழ்பெற்ற ‘டோக்கியோ ஸ்டோரி’யில் (1953) ஒனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் வயதான தம்பதிக்கு முதல் ஏமாற்றமே மகன் இருக்கும் இடம்தான். டாக்டர் மகன் டோக்கியோவின் நடுவில் பரபரப்பான இடத்தில் இருப்பான் என்று நினைத்தார்கள். பார்த்தால் எங்கோ ஓரத்தில் சின்ன வீட்டில் மருத்துவம் பார்க்கிறான். அதை இருவரும் குறையாகக்கூடச் சொல்லாமல் மெதுவாகப் பேசிக்கொள்வார்கள். அந்த ஒரு பேச்சில் ஒரு தலைமுறையின் கனவு அளந்து காட்டப்படுகிறது.

1959-இல் வந்த ‘குட் மார்னிங்’ இதற்கு நேர்மாறான குதூகலப் படம், வண்ணத்தில். ஆற்றங்கரை மேட்டுக்குக் கீழே ஒரே மாதிரி மர வீடுகள் நெருக்கமாக நிற்கின்றன. எவ்வளவு ஒரே மாதிரி என்றால், குடித்துவிட்டு வரும் ஒருவர் பக்கத்து வீட்டைத் தன் வீடென்று நினைத்து நுழைந்துவிடுவார். இரண்டு பையன்கள் டிவி கேட்டு அடம்பிடிக்கிறார்கள். அப்பா அதட்ட, பேசவே மாட்டோம் என்று மௌன விரதம் எடுக்கிறார்கள். பையன்கள் வணக்கம் சொல்லாமல் போனதை வைத்து, அவர்கள் அம்மாவுக்கு நம் மேல் ஏதோ கோபம் என்று பக்கத்து வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். மாதர் சங்கச் சந்தாப் பணம் எங்கே போனது, அந்த வீட்டில் புது வாஷிங் மெஷின் எப்படி வந்தது என்று ஏற்கெனவே கசமுசா. சுவர் மெலிசு, வாய் பெரிசு.

இந்தப் படம் வந்த 1959 மே மாதத்துக்குச் சற்று முன்பு, ஏப்ரல் 10 அன்று, பட்டத்து இளவரசரின் திருமணம் நடந்தது. அதை வீட்டிலிருந்தே பார்க்க ஜப்பானியர்கள் டிவி வாங்கிக் குவித்த நேரம். படத்திலும் கடைசியில் டிவி வருகிறது. ஆனால் யாரிடமிருந்து வாங்குகிறார்கள் என்று பாருங்கள். ஓய்வு பெற்ற பின் வேலை தேடி அலைந்து, கடைசியில் மின்சாதன விற்பனையாளரான பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து. பொருள் மோகத்தைப் பற்றிய படம் என்று இதைச் சுருக்குபவர்கள் இந்த உதவும் கையைத் தவறவிடுகிறார்கள்.

இதற்குள் வேறு வகைப் புறநகர் எழத் தொடங்கியிருந்தது. போரில் வீடுகள் அழிந்து, கிராமத்திலிருந்து இளைஞர்கள் நகருக்கு வந்துகொண்டே இருந்ததால் வீட்டுத் தட்டுப்பாடு கடுமை. 1955-இல் அரசு ஜப்பான் வீட்டுவசதிக் கழகத்தை அமைத்தது. நகர ஓரங்களில் நான்கைந்து மாடிக் கான்கிரீட் கட்டடங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. இவற்றுக்கு டான்ச்சி என்று பெயர். இரண்டு அறை, சாப்பாட்டு மேசை போடும் அளவுக்கு ஒரு சமையலறை, உள்ளேயே குளியலறை, பூட்டிக்கொள்ள இரும்புக் கதவு. இன்றைக்கு எளிய வீடாகத் தெரியும். அன்று குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் கிடைக்கும். மாமியார் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் சட்டென்று உள்ளே வர முடியாது.

அந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் பகலெல்லாம் தனியாக இருப்பவர் மனைவி. சுசுமு ஹானி 1963-இல் எடுத்த ‘ஷி அண்ட் ஹி’ அவருடைய படம். நவோகோ டான்ச்சியில் இருக்கும் இளம் மனைவி. சன்னலுக்கு வெளியே, கட்டடத்துக்குப் பக்கத்திலேயே, குப்பை பொறுக்குபவர்களின் குடிசைகள். அங்கே இருக்கும் ஒருவர் தன் கணவரோடு கல்லூரியில் படித்தவர் என்று தெரியவருகிறது. அவருக்கும் அவரோடு இருக்கும் சிறுமிக்கும் நவோகோ உதவப் போகிறார். கணவருக்கும் அக்கம்பக்கத்துக்கும் அது உறுத்துகிறது. சுத்தமான புது வாழ்க்கை எதைத் தள்ளி வைத்துவிட்டுக் கட்டப்பட்டது என்று ஒரு பெண்ணின் கண்வழியாகக் காட்டும் படம் இது. நவோகோவாக நடித்த சச்சிகோ ஹிதாரி இதற்கும் அதே காலத்து இன்னொரு படத்துக்கும் சேர்த்து 1964 பெர்லின் விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கினார். வெளிநாடுகளில் ஓசு அளவுக்கு இந்தப் படம் பேசப்படாதது பெரிய குறை. புறநகர் என்றால் அப்பா கதை மட்டும்தான் என்ற எண்ணத்தை இது உடைக்கிறது.

எண்பதுகளில் நிலத்தின் விலை ஏறியது, பரீட்சைப் போட்டி முற்றியது, படங்களின் குரலும் கூர்மையானது. யோஷிமிட்சு மொரிட்டாவின் ‘தி ஃபேமிலி கேம்’ (1983) படத்தில் நாலு பேர் குடும்பம் நீளமான ஒரே மேசையில் ஒரு பக்கமாக வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே முடியாது. கணவனும் மனைவியும் தனியாகப் பேச வேண்டுமானால் கீழே போய்க் காரில் உட்காருகிறார்கள். அடுத்த வருடம் வந்த ‘தி கிரேஸி ஃபேமிலி’யில், பாடுபட்டு வாங்கிய புறநகர் வீட்டைக் கரையான் அரிக்கிறது என்ற பயத்தில் அப்பாவே வீட்டைத் தோண்டித் தள்ளுகிறார்.

டோக்கியோவுக்கு மேற்கே தாமா மலைச்சரிவுகளில் எழுந்த தாமா நியூ டவுன் ஜப்பானின் மிகப் பெரிய திட்டமிட்ட புறநகர்களில் ஒன்று. நான்கு நகராட்சிகளின் எல்லைக்குள் பரவிக் கிடப்பது. 1971-இல் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள். இந்த மலைகளைப் பற்றி கிப்லி ஸ்டூடியோ அடுத்தடுத்த வருடங்களில் இரண்டு அனிமேஷன் படங்கள் எடுத்தது. இசாவோ தகஹாட்டாவின் ‘பாம் போகோ’ (1994) அந்தக் காட்டில் இருந்த தானுகி என்ற விலங்குகளின் பக்கம் நின்று கதை சொல்கிறது. உருமாறும் சக்தி கொண்ட தானுகிகள் பேய் ஊர்வலம் நடத்தி மனிதரை விரட்டப் பார்க்கின்றன. ஒரு கேளிக்கைப் பூங்காக்காரர் அதைத் தன் விளம்பரம் என்று சொல்லிவிடுகிறார். காடு தோற்கிறது. பிழைத்த தானுகிகளில் சில மனித உருவெடுத்து, கோட்டு சூட்டு போட்டு, நெரிசல் ரயிலில் வேலைக்குப் போகின்றன. தெம்புக்குச் சத்துப் பானம் குடிக்கின்றன. காட்டை அழித்து வந்த வாழ்க்கைக்குள் காட்டு விலங்கே மாதச் சம்பளக்காரனாக நுழைவதைப் பார்க்கும்போது கண் கலங்காமல் இருப்பது கடினம்.

அடுத்த வருடம் வந்த ‘விஸ்பர் ஆஃப் த ஹார்ட்’ (இயக்கம் யோஷிஃபுமி கொண்டோ) அதே தாமா பகுதியில், செய்செகி-சகுராகவோகா நிலையத்தைச் சுற்றி நடக்கிறது. இங்கே புறநகர்தான் சொந்த ஊர். டான்ச்சி வீட்டில் அக்காவோடு ஒரே அறையைப் பங்குபோட்டுக்கொள்ளும் ஷிசுகு என்ற பள்ளிச் சிறுமி, ரயிலில் தனியாக ஏறி வந்த ஒரு பூனையின் பின்னாலேயே போய், மேட்டுத் தெருவில் ஒரு பழம்பொருள் கடையைக் கண்டுபிடிக்கிறாள். புகழ்பெற்ற அமெரிக்கப் பாட்டு ஒன்றை, காட்டை வெட்டிப் பள்ளத்தை மூடிய கான்கிரீட் சாலை எங்கள் சாலை என்று அவள் விளையாட்டாக மாற்றி எழுதுவாள். முதல் படம் எதற்காக அழுததோ, அந்த மண்ணில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அதுவே ஊர்ப் பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வது.

இனி கடைசி முடிச்சு. அப்பா ரயிலேறிப் போகிறார் சரி, அந்தப் பக்கம் வேலையே இல்லாமல் போனால்? 2008-இல் கியோஷி குரோசவா (அகிரா குரோசவாவுக்கு உறவினர் அல்ல) எடுத்த ‘டோக்கியோ சொனாட்டா’ இதைக் கேட்கிறது. ரயில் பாதையை ஒட்டிய வீடு. அப்பா ரியூஹெய் செய்த நிர்வாக வேலையைக் குறைந்த சம்பளத்தில் சீனாவில் செய்துகொள்ளலாம் என்று கம்பெனி முடிவெடுத்து அவரை அனுப்பிவிடுகிறது. வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் பெட்டியோடு கிளம்பி, பூங்காவில் இலவசச் சாப்பாட்டு வரிசையில் நிற்கிறார். அங்கே அவருடைய பழைய பள்ளி நண்பர் ஒருவரும் அதே நிலையில். அவர் செல்போனைத் தானாகவே அவ்வப்போது மணி அடிக்கும்படி வைத்திருக்கிறார், வேலையில் இருப்பவர்போலத் தெரிய. ரியூஹெய் பிறகு ஒரு வணிக வளாகத்தில் துப்புரவு வேலை பார்க்கும்போது அந்தச் சீருடையிலேயே மனைவியின் எதிரில் அகப்பட்டு, ஓட்டம் எடுக்கிறார்.

எழுபத்தாறு வருடங்களுக்கு முன் முதலாளி வீட்டுச் சுவரில் தெரிந்த அதே காட்சிதான் இது. ஆனால் ஓசுவின் யோஷிக்குக் குனிய ஒரு முதலாளியாவது இருந்தார். இந்தப் படத்தில் இன்னொன்றும் இருக்கிறது: மனைவி மெகுமி. ஓர் இரவு சோபாவில் படுத்தபடி இரண்டு கைகளையும் மேலே நீட்டி, யாராவது என்னைத் தூக்கிவிடுங்கள் என்கிறார். கணவர் ஏற்கெனவே படுக்கப் போய்விட்டார். அந்த வீட்டில் யாருக்கும் தெரியாத வேலை செய்பவர் அப்பா மட்டும் அல்ல என்று அந்தக் கைகள் சொல்கின்றன.

ஹிரோகசு கொரே-எடாவின் ‘ஆஃப்டர் த ஸ்டார்ம்’ (2016) இயக்குநரே ஒன்பது வயது முதல் இருபத்தெட்டு வயதுவரை வாழ்ந்த கியோசே நகரத்து டான்ச்சியில் எடுக்கப்பட்டது. ஒரு காலத்தில் குலுக்கலில் வென்று குடிவந்த வீடுகளில் இப்போது தனித்த முதியவர்கள். கிழவி தன் தோற்றுப்போன மகனுக்குக் கண்ணாடி டம்ளரில் உறையவைத்த பானத்தைத் தருகிறார். இருவரும் கரண்டியால் சுரண்டிச் சுரண்டித் தின்னும் அந்தக் காட்சியில் வீட்டின் ஒடுக்கமும் பாசமும் ஒன்றாகத் தெரிகின்றன.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், வீட்டில் குழந்தைகள் இருந்தால் ‘குட் மார்னிங்’. ஒன்றரை மணி நேரம்தான். குசு விடும் வேடிக்கைக்கே அவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்து ‘ஐ வாஸ் பார்ன், பட்...’ பாருங்கள், மௌனப் படம் என்று தயங்க வேண்டாம், பத்து நிமிடத்தில் பழகிவிடும். ஷின்சான் பிடித்த வீடு என்றால் 2001-இல் கெய்இச்சி ஹாரா இயக்கிய ஷின்சான் திரைப்படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய நினைவில் மயங்கி வீட்டை மறந்த ஹிரோஷியை, அவருடைய ஷூவின் நாற்றத்தை அவரையே முகரவைத்து மகன் மீட்கும் காட்சி அதில் வரும். சிறுவயது, டோக்கியோ வருகை, வேலை, கல்யாணம், குழந்தை, கடனில் வாங்கிய வீடு, வியர்வையோடு ரயிலில் போய் வந்த நாட்கள் எல்லாம் வசனமே இல்லாமல் சில நிமிடங்களில் ஓடும். ‘டோக்கியோ சொனாட்டா’வைக் குழந்தைகள் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.